புள்ளி வைக்காத ஐ

தமிழ்செல்வி ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் உதவியாளர். டெல்லி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸுக்கு வந்து இருபது வருஷமாகிறது. ஆல்ட் விசையை அமுக்கிக்கொண்டு 0233 அடித்தால் தலையில் கோடு போட்ட é வரும், 0241 அடித்தால் ñ வரும் என்பதெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். கணவர் ஜோதிலிங்கத்தின் புது கைபேசி எண்தான் இன்னும் மனதில் நிற்கவில்லை.

போன பிப்ரவரியில் ஒரு சர்வதேச மாநாடு. முப்பத்தொன்பது பெயர்ப்பலகைகள் தயாரான பிறகு, துருக்கியிலிருந்து நாற்பதாவது பெயர் வந்தது: Işıl Doğan. அதில் மூன்றாவதாக வரும் சின்ன ஐக்குப் புள்ளி கிடையாது. செல்விக்குத் தெரிந்த எந்த எண்ணுக்கும் அது மசியவில்லை.

"புள்ளி இருந்தா என்ன, இல்லாட்டி என்னம்மா? யார் உத்துப் பாக்கப் போறா? ஜல்தி பிரிண்ட் எடுங்க" என்றார் அதிகாரி மகாதேவன்.

"சார், நான் டெல்லிக்கு வந்த புதுசுல ரேஷன் கார்டுல என் பேரை 'தமில்செல்பி'ன்னு போட்டுட்டாங்க. அஞ்சு வருஷம் அந்தப் பொம்பளையாத்தான் இருந்தேன். அஞ்சு நிமிஷம் குடுங்க."

மகாதேவன் சிரித்துவிட்டார். செல்வி கல்லூரியில் இருந்த மகள் சுபிக்ஷாவுக்குப் போன் போட்டாள்.

"அச்சா, வேர்டு திறம்மா. 0131ன்னு அடி. அப்புறம் ஆல்ட்டும் எக்ஸும் சேத்து அமுக்கு. க்ளாஸ் இருக்கு, வைக்கிறேன்."

அடித்தாள். நான்கு எண்களும் மறைந்து, அந்த இடத்தில் மொட்டைத் தலையோடு ஒரு ஐ நின்றது.

"வந்துடுச்சு சார்!" அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். மற்ற இரண்டு எழுத்துகளின் எண்களை இணையத்தில் தேடிப் பிடித்தாள். முதல் அச்சில் ஒரு எழுத்துக்குப் பதிலாக வெறும் கட்டம் விழுந்தது. எழுத்துருவை மாற்றினாள், சரியாயிற்று.

மறுநாள் காலை அந்தத் துருக்கிப் பெண் இஷில் தன் இருக்கைக்கு வந்தார். உட்காரப் போனவர் பலகையைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"இதை அடித்தது யார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

மகாதேவன் தயங்காமல் செல்வியைக் காட்டினார். இஷில் நேரே வந்து அவள் இரு கைகளையும் பற்றிக்கொண்டார். "எத்தனையோ நாட்டுக்குப் போயிருக்கிறேன். வெளிநாட்டில் என் பெயரை ஒழுங்காகப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. இதை எடுத்துக்கொண்டு போகலாமா? அம்மாவிடம் காட்டணும்."

செல்வி வேகமாகத் தலையாட்டினாள். முகமெல்லாம் சிரிப்பு.

திங்கட்கிழமை மகாதேவன் ஒரு தாளோடு அவள் மேசைக்கு வந்தார். "வியட்நாம்லேர்ந்து பதினெட்டு பேரு வராங்கம்மா. ஒரே எழுத்து மேல ரெண்டு ரெண்டு குறி இருக்கு."

"குடுங்க சார், குடுங்க" என்று நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள் செல்வி.