அடிக்கட்டையோடு நான் நின்ற படங்கள்

எங்கள் குடும்பத்தில் ஆளில்லாத படம் எடுக்கும் வழக்கம் கிடையாது. கேமரன் மலைக்குப் போனாலும் சரி, புதுக் கார் வாங்கினாலும் சரி, பக்கத்தில் ஒருவர் விறைப்பாக நிற்காவிட்டால் அது படமே அல்ல என்பது அத்தையின் கட்சி. அப்பாவின் அக்காவான அவள் பள்ளி வேன் ஓட்டினாள். அவள் தொண்டைக்கு முன்னால் வேனின் ஹாரனுக்கு வேலையே இருக்காது. காட்டில் மரம் வெட்டுகிறார்கள் என்று புகார் கொடுக்கப் படம் எடுக்கக் கிளம்பியபோதும் எங்களையெல்லாம் வேனில் ஏற்றிக்கொண்டுதான் போனாள்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. ரப்பர் தோட்டம் செம்பனை எண்ணெய்த் தோட்டமாக மாறிப்போன பிறகும் அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்த குடும்பங்கள் நாங்கள். வீடுகளுக்குப் பின்னால் இருந்த மலை அரசாங்கத்தின் காப்புக் காடு. அதிலிருந்து இறங்கும் ஓடையில் குழாய் போட்டுத்தான் எங்கள் குடிநீர் வந்தது. அந்த வருடம் மலைச்சாலையில் மர லோரிகள் இறங்க ஆரம்பித்தன. குழாயில் பால் கலந்த டீ மாதிரி தண்ணீர் வந்தது. அம்மா துவைத்த வெள்ளைப் பள்ளிச் சட்டைகள் காவிக்கு மாறின. தம்பிக்கு வயிற்றுப்போக்கு நிற்கவே இல்லை.

“பெரிய இடத்து விசயம், நமக்கு எதுக்கு வம்பு?” என்றார் அப்பா.

“தண்ணி குடிக்கிறது பெரிய இடமா, நாமளா? ஓடையோரத்து மரத்துல கை வைக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்குலா!” என்றாள் அத்தை.

முதல் தடவை எடுத்த படங்களில் அப்பா, அம்மா, சித்தி, நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் எல்லாமே இருந்தன. ஈப்போவில் வன இலாகா அதிகாரி அவற்றைப் பார்த்துவிட்டு, பிக்னிக் நன்றாக இருந்ததா என்று மலாயில் கேட்டாராம். வீட்டுக்கு வந்து அத்தையே அதைச் சொல்லிச் சிரித்தாள். பிறகு முகம் மாறியது.

“அந்தாளு கேட்டதும் நியாயந்தான். மரம் எங்க தெரியுது? ஒங்கப்பன் தொப்பைதான் தெரியுது!”

அதற்குப் பிறகு நான் மட்டும்தான். மரம் எவ்வளவு பெரியது என்று பார்க்கிறவனுக்குத் தெரிய ஒரு அளவு வேண்டும்; அந்த அளவு நான். பள்ளி முடிந்ததும் சீருடையோடு அடிக்கட்டைக்குப் பக்கத்தில் கையை நீட்டி நிற்க வேண்டும். ரொம்பப் பெரிய கட்டை என்றால் அதன்மேல் ஏறிப் படுக்க வேண்டும். ஒரு கட்டையில் நான் காலை நீட்டிப் படுத்தும் இன்னும் இடம் மிச்சம் இருந்தது.

“இளிக்காத! மரம் செத்துக் கெடக்கு, பல்லக் காட்டுற!” என்று அத்தை கத்துவாள். ஓடையும் சேர்ந்து படத்தில் விழும்வரை விடமாட்டாள். எனக்கோ எல்லாம் என் படங்கள். பைக்குள் சீப்பும் பவுடரும் வைத்திருந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் படம் எடுத்துவிட்டுச் சாலைக்கு வந்தால், வேனை மறித்துக்கொண்டு ஒரு பெரிய ஜீப் நின்றது. அதிலிருந்து இறங்கியவன் மரக் குத்தகைக்காரரிடம் வேலை பார்ப்பவன், நம் தமிழ் ஆள்தான். தங்கச் சங்கிலி, வாசனைத் தைலம். என்னைப் பார்த்து அழகாகச் சிரித்தான்.

“பாப்பா நல்லா போஸ் குடுக்குதே! பேரு என்னம்மா? எந்த ஸ்கூலு?”

பெயர், பள்ளி, வகுப்பு, வேனில் நான் உட்காரும் இடம் உட்பட எல்லாவற்றையும் கடகடவென்று ஒப்பித்தேன். அத்தை என்னைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

“கேக்குறத என்கிட்ட கேளு தம்பி. என் பேரு, என் வீடு எல்லாம் சொல்றேன்.”

“சும்மாதான் கேட்டேன், கோவிச்சுக்காதீங்கக்கா,” என்று சொல்லி ஜீப்பில் ஏறினான். வீடு வரும்வரை அத்தை கண்ணாடியில் பின்னால் பார்த்துப் பார்த்தே வேனை ஓட்டினாள். எனக்கு ஒரே குஷி. என் போஸை மெச்ச ஊரில் ஒரு ஆளாவது இருந்தானே!

பிறகு மரம் வெட்டுவதைப் பற்றிப் பேச ஊர்க்காரர்கள் சமூக மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். அதிகாரிகள் வருவதால் அத்தை படங்களைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருந்தாள். நான் புது ரிப்பன் கட்டிக்கொண்டு என் தோழிகளைக் கூட்டிப் போனேன். ஐயோ, ஒரு படத்திலும் எனக்குத் தலை இல்லை! கழுத்தோடு வெட்டியிருந்தது. சட்டையில் இருந்த பள்ளிச் சின்னத்தையும் கறுப்பாக அடித்திருந்தாள். படுத்திருந்த படத்தில் முகத்தின்மேல் வெள்ளைக் காகிதம். ஆனால் வரிசையின் முதலில் அத்தை மட்டும் சேலை கட்டிக்கொண்டு முழு முகத்தோடு நின்றாள். கீழே அவள் பெயர், வீட்டு எண், வேன் எண், எல்லாம் கொட்டை எழுத்தில்.

“இது நீயா? யாரு வேணா நிக்கலாமே,” என்றாள் ஒரு தோழி. நான் அங்கேயே ஓவென்று அழுதேன்.

பிக்னிக் என்று சிரித்த அதே அதிகாரி இந்தத் தடவை சிரிக்கவில்லை. மறுநாளே ஆட்களோடு மலையேறி, ஓடையோரத்துக் கட்டைகளை அளந்தார். வெட்டுவதை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. இயந்திரங்கள் இறங்கிப் போயின. ஓடை தெளிய மாதங்கள் ஆயின, ஆனால் தெளிந்தது. இன்றைக்கும் மலைச்சாலையில் ஒரு மர லோரி தெரிந்தால் போதும், அத்தை கைப்பேசியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். அவளைத் தடுக்க இன்னும் ஒருத்தன் பிறக்கவில்லை.

ஆனால் அந்தக் கூட்டத்துக்குப் பிறகு ரொம்ப நாள் நான் அத்தையோடு பேசவில்லை. அவளோ என்னை வேனில் தன் பக்கத்து இருக்கைக்கு மாற்றினாள். தினமும் ஒவ்வொரு பாதையில் சுற்றி ஓட்டினாள். வாசலில் இறக்கிவிட்டுப் போகாமல் அம்மாவின் கையில் என்னைப் பிடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போனாள். செய்த அநியாயத்துக்கு என்னைத் தாஜா பண்ணுகிறாள் என்றே நினைத்து, இன்னும் முறுக்கிக்கொண்டேன்.

ஒரு நாள் அம்மாவிடம் பொருமித் தீர்த்தேன். “படத்துல நிக்கிறது நானு, ஆனா மொகம் மட்டும் அத்தையோடது. அவங்க ஒருத்தங்களத்தான் எல்லாருக்கும் தெரியணுமாம்!”

“ஆமாடி, அவங்க ஒருத்தங்களத் தெரிஞ்சா போதும்னுதான் அப்படிச் செஞ்சாங்க,” என்றாள் அம்மா. சொல்லிவிட்டு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். அத்தை செய்த தப்புக்கு அம்மா ஏன் அழுகிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை.