சூரியனைச் சுற்றி ஒரு வட்டம்

பார்வை போகப்போகிறது என்றே முதலில் நம்பினேன். சூரியனைச் சுற்றி வட்டம் தெரியும் நாட்களைக் குறித்து வைக்கும் ஆசையில், தெரிந்தால் எழுதிப் போடும்படி, திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள ஊர்களில் இருக்கும் நண்பர்கள் நால்வருக்கு போஸ்ட்கார்டு வாங்கிக் கொடுத்திருந்தேன். கண் கோளாறிலும் வட்டம் தெரியும் என்று கூடவே உளறியும் வைத்தேன்.

மாதக்கணக்கில் ஒரு கார்டுகூட வரவில்லை. எரிச்சலோடு நானே அண்ணாந்து பார்த்த ஒரு மதியம், பெரிய வட்டம்! சில நாள் காத்திருந்தும் அதற்கும் கார்டு இல்லை. அப்படியானால் கோளாறு எனக்குத்தான். இல்லாத முடிக்கு மொட்டை வேண்டிக்கொண்டு, வியாழன்தோறும் திருவண்ணாமலைக்கு வரும் கண் டாக்டரிடம் ஓடினேன். பெஞ்சில் நால்வரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"வட்டத்தைப் பார்த்தா எனக்கு எழுத வேணாமாய்யா?"

"நீதானேய்யா கண்ணு கோளாறுன்னு பயமுறுத்துன?" என்றார் வேங்கிக்கால் முனுசாமி. "ஆமா, நீ எதுக்கு வந்த?"

இப்போதெல்லாம் வட்டம் தெரிந்தால் பக்கத்தில் நிற்பவரையும் பார்க்கச் சொல்கிறேன். அன்று டாக்டர் பார்த்ததில் எங்கள் ஐவர் கண்ணிலும் கோளாறில்லை. வட்டம் வானத்தில்தான் இருந்தது. அது தெரிந்த தேதியைத்தான் ஒருவரும் எழுதி வைக்கவில்லை.