காலில் இறங்கிய திமிர்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நாங்கள் சித்தூரில் இருந்தோம். எங்கள் பக்கத்தில் தெருவுக்கு ஒருவராவது குவைத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. என் தம்பிக்கும் விசா வந்தது. டிரைவர் வேலை. புறப்படப் பத்து நாள் இருக்கும்போது, வேண்டுதலுக்காக அலிபிரியிலிருந்து திருமலைக்கு நடந்தே ஏறி, மொட்டை போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தான்.

மறுநாள் காலை இட்லி சாப்பிடும்போது சொன்னான்.

"அக்கா, காலு ரெண்டும் திமிராக் கீது."

எங்கள் பேச்சில் திமிர் என்றால் மரத்துப்போவதும்தான், கொழுப்பும்தான். என் கணவர் விடுவாரா?

"குவைத் விசா வந்த திமிரு மச்சான். தலையில இருந்துச்சு. மொட்டை அடிச்சதும் காலுக்கு எறங்கிக்கிது."

"போ மாமா, உனுக்கு எப்பவும் வெளாட்டு" என்று தம்பியும் சிரித்தான்.

அத்தனை ஆயிரம் படி ஏறியவனுக்குக் கால் வலிக்காமல் என்ன செய்யும் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்தேன். உப்பு ஒத்தடம் கொடுத்தேன். "படுத்துகினே இருந்தா புடிச்சிக்கும், நடந்துகினு இரு" என்று தெருமுனை வரை விரட்டினேன். பதினைந்து வருடமாக நாள் தவறாமல் டைரி எழுதுகிறவள் நான். அந்த மூன்று நாளும் அதில் ஒரே குறிப்புதான்: தம்பிக்குக் கால் வலி, எண்ணெய், ஒத்தடம்.

மூன்றாம் நாள் மாலை, கடைக்குப் போய்த் திரும்பியவன் காலில் ஒற்றைச் செருப்புதான் இருந்தது. மற்றது எங்கே என்றேன். குனிந்து பார்த்த பிறகுதான் அது இல்லை என்பதே அவனுக்குத் தெரிந்தது. அடுத்த நாள் காலை நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை. கையில் டம்ளர் நிற்கவில்லை. ஜீப் பிடித்து, புத்தலப்பட்டு வழியாகத் திருப்பதியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

அங்கே ஒரு டாக்டர் அம்மா பார்த்தார். படி ஏறியதில் கால் வலி என்று நான் ஆரம்பித்தேன். அவர் என்னைக் கையமர்த்திவிட்டுத் தம்பியிடம் தெலுங்கில் கேட்டார்: "நொப்பா, திம்மிர்லா?" வலியா, மரத்துப்போகிறதா என்று.

"திம்மிர்லே மேடம். நொப்பி லேது" என்றான். பிறகு என் பக்கம் திரும்பி, "மொத நாளே சொன்னேன் இல்லக்கா?" என்றான்.

கைப்பையிலிருந்து டைரியை எடுத்துப் பார்த்தேன். மூன்று பக்கத்திலும் வலி என்றே எழுதியிருந்தது. அவன் அந்தச் சொல்லை ஒரு தடவைகூடச் சொல்லியிருக்கவில்லை.

டாக்டர் சின்னச் சுத்தியலால் முழங்காலைத் தட்டினார். கால் துள்ளவில்லை. சமீபத்தில் காய்ச்சலோ பேதியோ வந்ததா என்றார். தம்பி இல்லை என்றான். அவன் போனில் சொன்னதை நான் எழுதிவைத்திருந்த, இரண்டு வாரத்துக்கு முந்தைய பக்கத்தைப் படித்துக் காட்டினேன்: நண்பர்கள் வைத்த வழியனுப்பு விருந்து, கோழி சரியாக வேகவில்லை, மூன்று நாள் பேதி.

"அதான்மா" என்றார். "அந்தக் கிருமி எப்பவோ போயிடுச்சு. ஆனா அதோட மேல்பக்கம் நரம்பு மாதிரியே இருக்கும். கிருமியை அடிக்கக் கத்துக்கிட்ட உடம்பு, இப்ப நரம்பை அடிக்குது. மலையில மொட்டை அடிச்ச கூட்டத்துல நம்ம ஆளு யாரு, அடுத்த ஆளு யாருன்னு தெரியுதா? அப்படித்தான்."

பயம் காலைப் பற்றியதல்ல. பலவீனம் மேலே ஏறி, மூச்சு விடும் தசைகளைத் தொட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து. அதைக் கண்டுபிடிக்க ஒரே மூச்சில் எண்ணச் சொன்னார்கள். தம்பி தெலுங்குப் பள்ளியில் படித்தவன். ஒகட்டி, ரெண்டு, மூடு என்று எண்ணி இருபத்து நான்கு வரை போனான். பத்துக்குக் கீழே இறங்கினால் மூச்சு இயந்திரம் என்றார் டாக்டர். ரத்தத்தின் நீர்ப்பகுதியை எடுத்துவிட்டு மாற்றும் சிகிச்சையைத் தொடங்கினார்கள்.

மறுநாள் காலை பதினேழு. மாலை பதின்மூன்று. மூன்றாம் நாள் "பதகொண்டு" என்று பதினொன்றில் நின்றுவிட்டான். பேனாவைப் பிடித்துக்கொண்டு அடுத்த எண்ணுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. அன்று மாலையும் பதினொன்றுதான். நான்காம் நாள் "பன்னெண்டு" என்றான். அந்தச் சொல் இரண்டு மொழியிலும் ஒன்றுதான். என் கணவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

கோல் இல்லாமல் நடக்க நான்கு மாதம் ஆனது. அந்த விசா போயிற்று. அடுத்த வருடம் வேறு விசாவில் போனான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் நாளில், எண்ணெய் தேய்த்து நடக்க விட்டதால் கெடுதல் ஆகிவிட்டதா என்று டாக்டரிடம் கேட்டேன்.

"எண்ணெயால ஒண்ணும் ஆகலம்மா" என்றார். "மூணு நாள் போச்சு, அவ்வளவுதான்."

அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. இப்போதெல்லாம் வீட்டில் யாராவது உடம்புக்கு முடியவில்லை என்றால், அவர்கள் சொல்லி முடிக்கும் வரை நான் எதுவும் சொல்வதில்லை. காரணம் எனக்குத் தெரிந்துவிட்டது போலத் தோன்றும்போது மட்டும், அப்படிக் காத்திருப்பது இன்றைக்கும் கடினமாகத்தான் இருக்கிறது.