தேனீக்களுக்குச் சொன்ன சாவு

டாம்சின் வெஸ்கோட் தன் வாழ்நாளில் ஒரு கவிதைகூடப் படித்ததில்லை. ஆனால் அவளைப் போல ஒரு கவிதைக்குப் பயந்து கிடந்தவள் இங்கிலாந்தின் டெவன் பக்கத்திலேயே இருந்திருக்க மாட்டாள்.

அவள் புருஷன் ஜேபஸ் கூரை வேய்கிறவன். சொத்து என்று இருந்தது சில பெட்டித் தேனீக்கள். வைக்க இடமில்லாததால் பக்கத்துப் பெரிய வீட்டு ஆப்பிள் தோட்டத்தில் வைத்திருந்தார்கள். அந்த வீட்டுக்காரர் சர் எவரார்ட் ஸ்டோக், நாட்டின் அரசவைக் கவிஞர். ராஜா வீட்டில் பிள்ளை பிறந்தால் ஒரு பாட்டு, கல்யாணமென்றால் ஒரு பாட்டு; கூலியாகப் பீப்பாய் ஒயின். நோகாத பிழைப்பு என்று ஊரில் கேலி பேசுவார்கள். மனிதர் என்னவோ தங்கமானவர்தான். ஒவ்வொரு வரியையும் உரக்கச் சொல்லிப் பார்க்காமல் எழுத வராது என்பதுதான் அவரிடமிருந்த கோளாறு.

மரமெல்லாம் பூத்திருந்த ஒரு காலையில் டாம்சின் பெட்டிகளைச் சுற்றிப் புல் பிடுங்கிக்கொண்டிருந்தாள். கவிஞர் முணுமுணுத்தபடி வந்து நின்றார். கைத்தடியால் ஒரு பெட்டியின் மூடியில் தாளம் தட்டிக்கொண்டே சொன்னார்: "வீட்டுத் தலைவன் போய்விட்டான். விளக்கை அணையுங்கள். இனி இந்த வாசலில் அவன் காலடி கேட்காது."

டாம்சின் புல்லைப் போட்டுவிட்டு எழுந்தாள். வீட்டில் சாவு விழுந்தால் வாசல் சாவியால் பெட்டியைத் தட்டித் தேனீக்களிடம் சொல்வது அங்கே வழக்கம். சொல்லாவிட்டால் அவை கோபித்துக்கொண்டு போய்விடும். கவிஞர் தட்டியதும் சொன்னதும் அச்சு அசலாக அந்த மாதிரியே இருந்தது. பெட்டிகளில் இரைச்சல் அப்படியே நின்றுபோயிற்று.

"யாருங்கய்யா செத்தது?"

"யாரும் சாகலம்மா. ராஜாவுக்கு உடம்பு முடியலையாம். எதுக்கும் ஒரு சாவுப் பாட்டு எழுதி வைன்னு அரண்மனையில சொல்லிவிட்டாங்க."

"அதை இங்க வந்தா சொல்லணும்? அதுங்க கேட்டுக்கிச்சே."

"கேக்கட்டுமே. என் பாட்டைக் கேக்க யாராவது வேணாமா?"

"வெளையாடாதீங்கய்யா. சும்மா சொன்னேன்னு தட்டிச் சொல்லிடுங்க."

அவர் சிரித்தார். இருந்தாலும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தட்டினார். "யாரும் சாகவில்லை. சும்மா சொன்னேன்." பெட்டிகளிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. சாவைச் சொல்ல வழி இருந்தது. சொன்னதைத் திரும்ப வாங்க அந்த ஊரில் யாருக்கும் வழி தெரியாது.

தேனீக்களுக்கு எஜமான் ஜேபஸ்; வீட்டுத் தலைவன் என்றால் அவற்றுக்கு அவன்தான். அவன் பேரைச் சொல்லித்தான் அவற்றைக் குடியமர்த்தியிருந்தார்கள். மறுநாள் அவன் ஏணிப்படி முறிந்து விழுந்தான். திட்டிக்கொண்டே எழுந்து வந்துவிட்டான். அதற்கடுத்த நாள், ஆணியில் தொங்கிய அவனுடைய கறுப்புக் கோட்டில், சாவு வீட்டுக்குப் போட்டுக்கொண்டு போகிற கோட்டில், தேனீக்கள் கொத்தாக உட்கார்ந்திருந்தன. ஒன்றுகூட இரையவில்லை.

"ஏண்டி, என் கோட்டு எப்பப் பூத்துச்சு?" என்றான் ஜேபஸ்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நேரே பெரிய வீட்டுக்குப் போனாள்.

"பெட்டிங்களை நீங்களே வச்சுக்குங்கய்யா."

"நிஜமாவா? என்ன வேணும், சொல்லு."

"தேனீயைக் காசுக்குக் குடுக்கக் கூடாது. ஏதாச்சும் பொருளாக் குடுங்க."

அவர் ஒரு ஜாடி ஒயின் கொடுத்தார். டாம்சின் அவர் வீட்டு வாசல் சாவியையே வாங்கிக்கொண்டு போய்ப் பெட்டிகளைத் தட்டினாள். "இனிமே இவருதான் உங்க எஜமான்." சொல்லி வாய் மூடவில்லை, இரைச்சல் கிளம்பிவிட்டது.

"பாத்தியா, என்னை அதுங்களுக்குப் பிடிச்சிருக்கு," என்றார் கவிஞர், குழந்தை மாதிரி. டாம்சினால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தெரிந்தே செய்தாள். அதைப் பூசி மெழுக நான் தயாராக இல்லை. தன் புருஷன் உயிரோடு இருக்கவேண்டும் என்பதைத் தவிர அவள் மனதில் அப்போது வேறொன்றும் இல்லை.

"பாட்டு எப்படியோ, ஒயின் நல்லாத்தான் இருக்கு," என்று ஜேபஸ் ஜாடியைக் காலி செய்தான். அவள் ஒரு வாய்கூடத் தொடவில்லை.

பூ உதிர்வதற்குள் சர் எவரார்ட் தோட்டத்து நாற்காலியில் செத்துக் கிடந்தார். மடியிலிருந்த தொப்பி மேல் தேனீக்கள் நிதானமாக நடந்துகொண்டிருந்தன. உடம்பில் ஒரு கொட்டுகூட இல்லை. ராஜாவோ எழுந்து உட்கார்ந்து, குதிரைப் பந்தயம் பார்க்கப் போய்விட்டார்.

கவிஞரின் மேசையில் அந்தப் பாட்டு இருந்தது. தனக்கென்றே எழுதி வைத்திருக்கிறார் என்று அவர் மனைவி நினைத்துவிட்டாள். சவப்பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாதிரியார் அதைப் படித்தபோது சர்ச்சே அழுதது. டாம்சின் எல்லோரையும்விட அதிகமாக அழுதாள். நல்ல மனசு என்று ஊர் சொல்லிக்கொண்டது.

அடக்கம் முடிந்ததும் கவிஞரின் மனைவி வாசல் சாவியோடு வந்தாள். "உங்க தேனீங்களை நீங்களே எடுத்துக்குங்க. அவருக்கு அதுதான் சந்தோஷம்."

"ரொம்ப நல்லதுங்கம்மா," என்று ஜேபஸ் கையை நீட்டினான்.

"நீ தொடாதய்யா." டாம்சின் சாவியைப் பிடுங்கிக்கொண்டாள்.

பெட்டிகளைத் தட்டி, எஜமான் செத்துவிட்டார் என்றாள். இரைச்சல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவற்றுக்கு அது பழைய செய்தி. இனிப் புது எஜமான் பேரைச் சொல்லவேண்டும்.

"என் பேரைச் சொல்லேன், எப்பவும் போல," என்றான் ஜேபஸ் பின்னாலிருந்து.

"டாம்சின் வெஸ்கோட்," என்றாள் அவள்.

ஜேபஸ் கிழவனாகி, படுக்கையில் நிம்மதியாகக் கண்ணை மூடினான். அதற்குப் பிறகும் அவள் வெகுகாலம் இருந்தாள். சொன்ன சாவு கவிஞரோடு தீர்ந்ததா, தனக்கும் பாக்கி இருக்கிறதா என்று அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை. தோட்டத்துக்குள் நுழையும் ஒவ்வொரு தடவையும் படலருகே நின்றுகொள்வாள். இரைச்சல் காதில் விழுந்த பிறகுதான் அடுத்த அடி எடுத்து வைப்பாள்.