கம்பளிக்குள் பார்த்த நீலப் பொறி

தேவிகுளத்தில் வண்டிகளுக்கு மின்வேலை பார்த்துவந்த அந்தோணிராஜ் அண்ணாச்சி சென்ற வாரம் இறந்துவிட்டார். ஏலக்காய் ஏற்றி எங்கள் ஊர் மீனாட்சிபுரத்துக்கு வந்த லாரி டிரைவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதற்குள் அடக்கம் முடிந்து நான்கு நாளாகியிருந்தது. அவரிடம் வண்டி விட்டவர்கள் ஆளுக்கொரு கதை வைத்திருப்பீர்கள். என்னுடையது இது.

மூன்று வருடம் முன்பு என் ஜீப்புக்குக் கோயமுத்தூரில் எஞ்சினுக்குப் பொறி கொடுக்கும் எலக்ட்ரானிக் பெட்டி ஒன்று வாங்கி மாட்டினேன். பொறிக்கான மின்சாரத்தை வெட்டி வெட்டி விடும் பிளாட்டினம் முனை அடிக்கடி கருகாது, பொறி பலமாக விழும் என்றார்கள். அந்த மாதமே சாந்தன்பாறைத் தோட்டக்காரர் ஒருவர் பருவத்து ஏலக்காய் முழுவதையும் வியாபாரத்துக்கு எனக்குத் தர ஒத்துக்கொண்டார். சொன்ன நாளில் நான்கு மணிக்குள் வராவிட்டால் வேறு வியாபாரிக்கு. எனக்கு அதைவிட்டால் அந்த வருடம் கொள்முதலே கிடையாது. அன்று அடைமழை. நண்பகலில் தேவிகுளம் ஏற்றத்தில் ஜீப் நின்றுவிட்டது. அண்ணாச்சியின் ஷெட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனோம்.

"ஏனுங்க அண்ணாச்சி, மொதல்ல இந்தப் பெட்டியக் கழட்டி வீசுங்க. நல்லா ஏமாந்து போயிட்டனுங்க."

அவர் பெட்டியைத் தொடவே இல்லை. போர்த்தியிருந்த கம்பளியை எடுத்து எஞ்சின்மேல் விரித்தார். "உள்ள வாங்க மொதலாளி. வெளிச்சத்துல இந்தத் திருடன் தெரிய மாட்டான்."

இருவரும் கம்பளிக்குள் தலையை விட்டோம். என் டிரைவர் சாவியைத் திருப்பினார். பொறியைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் கறுப்பு மூடிமேல் நீலமாக ஒரு கோடு ஓடியது. கிளைவிட்டது, நடுங்கியது, மறைந்து மறுபடியும் ஓடியது. இருபது வருடமாக வண்டி வைத்திருக்கிறேன். சாவிக்குப் பின்னால் இப்படி ஒன்று இருப்பதை அன்றுதான் பார்த்தேன். மழைச் சத்தம்கூட என் காதில் விழவில்லை.

"பாத்தியளா? பெட்டி தங்கம். பொறி பலமாயிட்டு, கீறல் விழுந்த மூடி தாங்கல. புது மாப்பிள்ளைக்குக் கிழிஞ்ச வேட்டியக் கட்டி விட்டிருக்கிய."

உண்மை. மூடியையும் மாற்றச் சொன்ன கோயமுத்தூர்க் கடைக்காரரை, சரக்குத் தள்ளப் பார்க்கிறார் என்று நான்தான் ஒதுக்கியிருந்தேன்.

கத்தி முனையால் கீறலைச் சுரண்டி, வார்னிஷ் தடவி, அடுப்புச் சூட்டில் காட்டியபடியே பேசினார். "நான் தொழில் படிக்கயில, சுத்தினா தானே பொறி குடுக்குற மேக்னட்டுதான். பேட்டரியே கெடையாது, முன்னால கம்பியப் போட்டுச் சுத்தணும். கம்பி திருப்பி அடிச்சு ஒடிஞ்ச மணிக்கட்டு இது. பெறகு பேட்டரி, காயில், பிளாட்டினம். இப்ப உங்க பெட்டி. நாளைக்கு பிளாட்டினமே இல்லாம வருமாம்லா? வரட்டுமே, அதையும் கம்பளிக்குள்ள பாத்துருவோம்."

ஜீப் ஒரே திருப்பில் கிளம்பியது. கூலி கேட்டேன்.

"இந்த வழியாத்தான திரும்புவிய? நிக்காம வந்து சேந்தா பத்து ரூவா. நடுவழியில நின்னுட்டா ஒத்தப் பைசா வேண்டாம்."

மூன்றரைக்குத் தோட்டத்தில் இருந்தேன். சரக்கோடு எங்கும் நிற்காமல் திரும்பி வந்து கூலி கொடுத்தேன். இருபது ரூபாயாக நீட்டியதற்குப் பாதியைத் திருப்பித் தந்தார்.

அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அந்தக் கூலிப் பேச்சைத்தான். இன்று என்னிடம் ஏலக்காய் வாங்குகிற எவருக்கும் நிபந்தனை ஒன்றே: மூட்டையைப் பிரித்துப் பாருங்கள், சொன்ன தரமிருந்தால் பேசிய விலை, இல்லாவிட்டால் ஒரு பைசா வேண்டாம்.