எலும்புக்கு ஏற்றிய விளக்கு

தீபாவளிக்கு முந்தின வாரம் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு துக்க வீட்டுக்குப் போனேன். செத்தது அந்த வீட்டம்மாவின் இடுப்பெலும்பு. அவரே பாயில் எழுந்து உட்கார்ந்து, "வாத்தியாரையாவுக்குத் தேத்தண்ணி குடுங்க" என்றார்.

சிரிக்காதீர்கள். 

அவர் பெயர் மாரியாயி. தேயிலைக் கொழுந்து பறிப்பவர். மலையில் கூடையோடு சறுக்கி விழுந்து இடுப்பு மூட்டு நழுவியது. ஆஸ்பத்திரியில் திருப்பிப் பொருத்தினார்கள். நன்றாகத்தான் நடந்தார்... சில மாதம் கழித்துத் தொடை இடுக்கில் வலி. டாக்டருக்குத் தமிழ் வராது, மாரியாயிக்குச் சிங்களம் போதாது. நடுவில் நின்று சொல்ல நான் போனேன்.

டாக்டர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். இடுப்பு மூட்டுக்குள் உட்காரும் தொடை எலும்பின் தலை மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தது. அதுதான் நல்ல எலும்பு என்று நினைத்தேன். "இல்லை, அதுதான் செத்தது" என்றார். மூட்டு நழுவியபோதே அதற்கு ரத்தம் போவது நின்றுவிட்டதாம். வலிக்குப் பயந்து காலை ஊன்றாவிட்டால் உயிருள்ள எலும்பு படத்தில் மங்கிப்போகுமாம். செத்ததற்கு மங்கத் தெரியாதாம்.

தாளில் மூன்று வட்டம் போட்டார். ஒன்று முழு உருண்டை. அடுத்தது விரிசல் விட்டது. கடைசி, நசுங்கியது. மாரியாயி இன்னும் முதல் வட்டத்தில்தான் இருந்தார். ஆறு மாதம் அந்தக் காலில் பாரம் விழாவிட்டால் தப்பலாம். விழுந்தால் தலை நசுங்கி ஆயுசுக்கும் நொண்டிதான்.

அப்படியே சொன்னேன். மாரியாயி யோசித்தார்.

"செத்தது இன்னொரு தடவையா சாகப் போகுதுங்க? நா நாளைக்கே வேலைக்குப் போறேன்."

  கூட வந்திருந்த புருஷன் கறுப்பையாதான் வாய் திறந்தார். "எழவு விழுந்த வீட்டுல யாராச்சும் வேலைக்குப் போவாங்களா?"

மாரியாயியின் முகம் மாறிவிட்டது. "அப்ப கருமாதி எப்பங்க?" என்று என்னைக் கேட்டார்.

"அடுத்த படம் எடுக்கிற அன்னிக்கு" என்றேன் — டாக்டரைக் கேட்காமலே.

அப்படித்தான் தோட்டத்து லயத்தில் அவர்கள் குடியிருந்த ஒற்றைக் காம்பிராவில், மாரியாயியின் இடுப்புக்கு நேராக ஒரு விளக்கு ஏறியது. தீபாவளிக்குப் பலகாரம் சுடவில்லை. பெண்கள் வந்து துக்கம் விசாரித்தார்கள். ஒருத்தி மெல்ல ஒப்பாரி எடுக்க, மாரியாயியும் சேர்ந்து அழுதார். தன் இழவுக்குத் தானே அழுகிறவரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் அந்தக் கால் மட்டும் தரையில் படவே இல்லை.

போன வாரம் இரண்டாவது படம். டாக்டர் வெகுநேரம் பார்த்தார்.  தலை உருண்டை குலையாமல் இருந்தது. வெள்ளையில் பெரும்பகுதி கரைந்து, புது எலும்பு ஊறத் தொடங்கியிருந்தது. கம்பு ஊன்றி நடக்கலாம் என்றார். கறுப்பையா அழுதுவிட்டார்.

மாரியாயிக்கு வேறு கவலை. "செத்ததை எங்கங்க கொண்டுபோய்ப் பொதைச்சாங்க?"

டாக்டரிடம் கேட்டுச் சொன்னேன். யாரும் புதைக்கவில்லை. உள்ளுக்குள்ளேயே அவர் உடம்பு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது.

மாரியாயி இடுப்பைத் தடவிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"அதாங்க இத்தன மாசமா எனக்குப் பசியே எடுக்கல."