சேராத க்ஷ

மனைவி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் இரண்டாவது வருடம் நடந்துகொண்டிருந்தது. மகள் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலைக்கு நின்றாள். வட்டவளைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து லயத்தின் கடைசி வீட்டில் நான் மட்டும்தான். காலையில் சனங்கள் பேர் பதியப் பெரட்டுக்கும் அப்படியே கொழுந்து பறிக்கவும் போய்விட்டால் பிறகு மாலை வரைக்கும் பேச்சுக் குரலே கேட்காது. ஹட்டனில் அச்சகம் வைத்திருக்கும் முதலாளி கடையைச் சுருக்கிய பிறகு, கணினியில் பக்கம் கட்டும் வேலையை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார். முடித்து நானும் அதிலேயே திருப்பி அனுப்புவேன். பேசிக்கொள்ள ஒன்றும் இருக்காது.

அப்படித்தான் ஒரு கோயில் நாட்காட்டி வந்தது. பழைய எழுத்துருவில் தட்டியிருந்ததை யூனிகோடுக்கு மாற்றிப் பக்கங்களில் போட்டேன். நக்ஷத்திரம், சுக்ல பக்ஷம், கிருஷ்ண பக்ஷம் என்று தாளுக்குத் தாள் அந்த எழுத்து. ஒன்றாகச் சேர்ந்து நிற்க வேண்டிய க்ஷ, புள்ளி வைத்த க் ஒரு பக்கம், ஷ ஒரு பக்கமாகப் பிரிந்து கிடந்தது.

கூட்டெழுத்துக்கான தெரிவை நிறுத்திப் பார்த்தேன், போட்டுப் பார்த்தேன். பத்தி அமைப்பை இந்திய மொழிகளுக்கு உரியதாக மாற்றினேன். மென்பொருளைக் கழற்றி மறுபடி ஏற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. முதலாளியிடம் சொன்னபோது, வாசிக்க முடிகிறதுதானே, அப்படியே விட்டுவிடச் சொன்னார். எனக்கு மனம் வரவில்லை. நான் போட்டிருந்த யூனிகோடு எழுத்துருவோடு வந்த கோப்பில் அதை உருவாக்கியவரின் மின்னஞ்சல் இருந்தது. விவரத்தை எழுதி, என் தொலைபேசி எண்ணையும் போட்டு அனுப்பினேன்.

மறுநாள் மாலை கனடாவிலிருந்து அவரே அழைத்தார். யாழ்ப்பாணத்துப் பேச்சு. இரவு வேலை முடிந்து அப்போதுதான் வீட்டுக்கு வந்தாராம்.

"அந்தச் சொல்லைப் புதுசா ஒருக்கா அடியுங்கோ அண்ணை. சேருதோ?"

அடித்தேன். அழகாகச் சேர்ந்தது.

"அப்ப எழுத்துருவில பிழையில்லை. பழைய எழுத்துருவில இருந்து மாத்தேக்க, ரெண்டுக்கும் நடுவில கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி வந்து நிக்குது. அதுதான் சேர விடேல்லை."

தேடும் பெட்டியில் அந்தக் குறியை எப்படிப் போடுவது என்று பொறுமையாகச் சொல்லித் தந்தார். மாற்றும் இடத்தை வெறுமையாக விட்டு அழுத்தினேன். கோப்பு முழுவதும் க்ஷ தன் வடிவத்துக்கு வந்துவிட்டது. மழை தகரத்தில் இரைந்ததில் அவர் சொன்னதைச் சில இடங்களில் இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது. அவர் சலித்துக்கொள்ளவில்லை. என்ன சத்தம் என்று கேட்டார், எந்த ஊர் என்று கேட்டார். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்றும் கேட்டார். யாருமில்லை என்றேன். அந்த வாரத்தில் நான் அவ்வளவு நேரம் பேசியது அவரோடுதான்.

"இனிப் பிரச்சினை வராது, யோசியாதேங்கோ" என்று சொல்லி அழைப்பை முடித்தார்.

நல்ல செய்திதான். ஆனாலும் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

நாட்காட்டி அச்சாகி வந்தது. நன்றாக இருப்பதாக முதலாளி ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினார். சில நாள் கழித்து, மாலையில், நானே கனடாவுக்கு அழைத்தேன்.

"என்னண்ணை, திரும்பவும் பிரிஞ்சிட்டுதோ?"

"இல்லைங்க. எல்லாம் நல்லா இருக்கு. சும்மாதான் எடுத்தேன்."

சொன்ன பிறகு எனக்கே வெட்கமாகிவிட்டது. அவர், அங்கே பனி கொட்டுகிறது, காரைத் துப்புரவாக்கப் போகிறேன் என்றார். இங்கே பனிமூட்டத்தில் எதிர்லயமே தெரியவில்லை என்றேன். சாப்பிட்டீர்களா என்று கேட்டார். பின்னால் ஒரு குழந்தை அவரைக் கூப்பிட்டது. ஏதும் பிரச்சினை என்றால் யோசிக்காமல் எடுக்கச் சொன்னார்.

அதற்குப் பிறகு வந்த வேலை எதிலும் ஒரு பிரச்சினையும் வரவில்லை. அவருடைய எண் இன்னும் என்னிடம் இருக்கிறது.